திண்டிவனத்தில் ஓர் இரவு

ஐடா ஸ்கடர் அம்மையார் என்றதும் எல்லோரும் அவரது இரக்கத்தையே பாராட்டுவர். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று.

1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த அவர், முதலில் மருத்துவப் பணியை விரும்பியவரே அல்லர். நோயுற்ற தாய்க்குத் துணையாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஓரிரவில் மூன்று கணவன்மார் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தத்தம் மனைவியைக் காக்க வேண்டினர். மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு ஐடா கூறினார். அந்நிய ஆடவர் பார்க்கலாகாது என்று மூவரும் மறுத்துத் திரும்பினர். விடிந்தபின் வந்த செய்தி: மூன்று பெண்களும் இறந்துவிட்டனர்.

இரக்கம் அன்றிரவும் அவரிடம் இருந்ததே! இல்லாதது படிப்பு. அதைத் தேடி அமெரிக்கா சென்று, 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900இல் ஒரே படுக்கையுடன் வேலூரில் பணி தொடங்கினார். தாம் ஒருவர் போதாதெனக் கண்டு 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியும் நிறுவினார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். தலைப்பிரசவத்தில் மாண்ட தம் தங்கையைப் பற்றிப் பாட்டி இன்றும் சொல்லி அழுவார். தெருவே வாசலில் கூடி நின்றதாம்; செய்வது அறிந்தவர் ஒருவரும் இல்லையாம். தேர்வுக்கு முந்தைய இரவுகளில் புத்தகத்தை மூடத் தோன்றும்போது அந்த வாசலை நினைத்துக்கொள்வேன்.