மின்சாரச் சங்கத்தின் பூட்டும் சாவியும்

தணிக்கைக்குச் செல்லும் சங்கங்களில் நாம் முதலில் விசாரிப்பது இரும்புப் பெட்டியின் சாவியைப் பற்றியே. சாவி இரண்டு இருக்கவேண்டும். ஒன்று தலைவரிடமும் மற்றொன்று காரியதரிசியிடமும் இருக்கவேண்டும். சென்ற ஆண்டு நாம் போயிருந்த ஒரு சங்கத்தில் இந்த ஏற்பாடு அணுவளவும் பிசகாமல் இருந்தது. ஆனால் அங்கத்தினர் கணக்கு முழுவதையும் தன்னுள் வைத்திருந்த கம்ப்யூட்டரின் கடவுச்சொல்லோ ஒரு காகிதத் துண்டில் எழுதப்பட்டு அதன் திரையோரத்திலேயே ஒட்டப்பட்டிருந்தது. “எல்லோருக்கும் வசதியாக இருக்கட்டும் என்றுதான், ஐயா” என்றார் குமாஸ்தா. அவரைக் குறை கூறுவதற்கில்லை. பெட்டிச் சாவிக்கு விதி உண்டு; இதற்கு விதி இன்னதென்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. நமது தணிக்கைப் படிவத்திலும் இதற்கென ஒரு கலம் இல்லாமையால், ‘இதர குறிப்புகள்’ என்ற இடத்தில் எழுதிவிட்டு வந்தோம்.

இதே குறை வேறொரு நாட்டில் எவ்வளவு பெரிய விஷயமாகிவிட்டது என்பதையும், அதற்கு அந்நாட்டுச் சர்க்கார் செய்துள்ள மான்ய ஏற்பாட்டையும் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம். அமெரிக்க நாட்டின் கிராம மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றியே சொல்ல வருகிறோம்.

1930-களின் நடுவில் அந்நாட்டுப் பண்ணைகளில் நூற்றுக்குப் பத்து வீடுகளில்தான் மின்விளக்கு எரிந்தது. தூரத்துப் பண்ணைகளுக்குக் கம்பி இழுப்பதில் லாபமில்லை என்று தனியார் கம்பெனிகள் கைவிரித்துவிட்டன. 1935-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிராம மின்சார நிர்வாகம் ஒன்றை ஏற்படுத்தினார். 1936-இல் அதற்குச் சட்டம் வந்தது. விவசாயிகள் ஆளுக்கு ஐந்து டாலர் அளவில் அங்கத்தினர் கட்டணம் செலுத்திச் சங்கம் அமைத்தார்கள். சர்க்கார் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தது. இன்று ஏறத்தாழ 900 சங்கங்கள் அந்நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கு மேற்பட்ட இடத்துக்கு மின்சாரம் வழங்குகின்றன. நம் நாட்டுக்கும் இதில் ஓர் உறவு உண்டு. நெசவாளர் ஊராகிய சிர்சில்லாவில் 1970-இல் தொடங்கிய கூட்டுறவு மின்சார விநியோகச் சங்கம், அமெரிக்கச் சங்கங்களின் தேசிய சம்மேளனத்தாருடைய ஆலோசனையுடன் இந்தியாவில் அமைந்த முதல் ஐந்து சோதனைச் சங்கங்களுள் ஒன்றாகும். இன்று தெலங்கானாவில் உள்ள அவ்வூரின் விசைத்தறிகளுக்கு அது இப்போதும் மின்சாரம் வழங்கி வருகிறது.

நிற்க. அந்தக் காலத்தில் மின்சாரச் சங்கத்தின் சொத்து மரக்கம்பமும் கம்பியுமே. திருடன் வந்தால் நேரில்தான் வரவேண்டும். இப்போதோ மீட்டர் வாசிப்பதும், பில் போடுவதும், பத்து மைலுக்கு அப்பாலுள்ள சுவிட்சைத் திருப்புவதும் கம்ப்யூட்டர் வழியாகவே நடைபெறுகின்றன. ஆட்செலவு குறைந்தது; புயலில் பழுதான இடம் உடனே தெரிகிறது. அதே வழியில் உலகின் எந்த மூலையிலிருந்தும் அந்நியன் நுழையவும் இடமாயிற்று. பெரிய கம்பெனிகள் இதைக் கவனிக்கத் தனி இலாகாவே வைத்திருக்கின்றன. சிறிய சங்கத்திலோ பில் இயந்திரத்தையும் தொலைபேசியையும் பார்த்துக்கொள்ளும் அந்த ஒரே மனிதர் தலையில்தான் காவலும் விழுகிறது.

கொலராடோ மாநிலத்தின் மேற்குப் பகுதியில், பழத்தோட்டங்களுக்கும் இனிப்புச் சோளத்துக்கும் பெயர்பெற்ற பிரதேசத்தில், டெல்டா-மான்ட்ரோஸ் மின்சாரச் சங்கம் இருக்கிறது. 2021 நவம்பர் 7-ஆம் தேதி அதன் உள் வலைத்தொடர்பில் அந்நியர் புகுந்ததாகக் கண்டுபிடிக்கப்பட்டது. உள் வேலைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு முடங்கின. இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய பதிவுகளில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. மின்சார விநியோகத்துக்குப் பாதகம் நேரவில்லை; ஆனால் பணம் வாங்கும் ஏற்பாடுகள் வாரக்கணக்கில் நின்றன. பணம் கட்டத் தவறியவர்களுக்கு அபராதமும் இணைப்புத் துண்டிப்பும் இல்லையென்று சங்கம் அறிவித்தது. பேரேடுகளை ஆண்டுக்கணக்கில் புரட்டிப் பழகிய நமக்கு, இருபது ஆண்டுக் கணக்கு ஒரே நாளில் மறைவதென்றால் என்ன என்பதை விவரிக்கத் தேவையில்லை.

விநியோகத்துக்கே ஆபத்து வந்ததும் உண்டு. 2015 டிசம்பர் 23-ஆம் தேதி உக்ரைன் நாட்டில் மூன்று விநியோகக் கம்பெனிகளின் கட்டுப்பாட்டு அறைகளை அந்நியர் தூரத்திலிருந்தே கைப்பற்றி, 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு விளக்கணைத்தார்கள். புகார் சொல்ல மக்கள் அழைக்க முடியாதபடி தொலைபேசிகளையும் போலி அழைப்புகளால் நிரப்பினார்கள். இத்தனைக்கும் வாசல் திறந்தது, பல மாதங்களுக்கு முன்னர் ஊழியர்களுக்கு வந்த மின்னஞ்சலோடு இணைந்திருந்த பத்திரங்களை அவர்கள் திறந்ததால்தான். சில மணி நேரத்தில் விளக்கு மீண்டும் எரிந்ததற்குக் காரணம், ஊழியர்கள் துணை மின்நிலையங்களுக்கு நேரில் ஓடிச் சென்று சுவிட்சுகளைக் கையால் போட்டதே. கையால் போடத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள்! கையால் செய்யும் வேலையை அடியோடு மறந்துவிட்ட நிலையத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளலாம்.

2021 நவம்பரில் அமெரிக்காவில் நிறைவேறிய அடித்தளக் கட்டமைப்புச் சட்டம், கிராமச் சங்கங்களும் நகரசபை மின்நிலையங்களும் சிறிய தனியார் கம்பெனிகளும் கணினிக் காவலைப் பலப்படுத்திக்கொள்வதற்காக 2022 முதல் 2026 வரையிலான ஐந்து நிதியாண்டுகளுக்கு 25 கோடி டாலர் ஒதுக்கியது. வசதி குறைந்தவர்களுக்கு முன்னுரிமை. முன்பு கம்பத்துக்குக் கடன் கொடுத்த சர்க்கார் இப்போது காவலுக்கு மான்யம் கொடுப்பது ஏன் என்று கேட்கலாம். கம்பம் நட்டால் வருமானம் வரும். அதைக் கொண்டு கடனை அடைக்கலாம். காவலால் ஒரு காசும் வருமானமில்லை. நஷ்டம் வராமல் தடுத்ததை எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது? அக்காரணத்தாலேயே மகாசபையில் இச்செலவு ஆண்டுதோறும் தள்ளிப்போகிறது. எனவே மான்யம் நியாயமே என்பது நம் கருத்து.

ஆனால் மான்யத்துக்கு மனுப்போடுவதே ஒரு வித்தை. ஆள் இல்லாத சங்கம் நூறு பக்க மனுவை எப்படித் தயாரிக்கும்? அமெரிக்கச் சர்க்காரின் எரிசக்தி இலாகா இதை ஓரளவு உணர்ந்தே, 2023-இல் ஏறத்தாழ 90 லட்சம் டாலரைப் பரிசுப் போட்டியாக ஏற்படுத்தியது. முதல் கட்டத்தில் சீர்திருத்தம் செய்வதென்ற உறுதி, அடுத்து திட்டம், பிறகு நிறைவேற்றம் என மூன்று படிகள் வைத்து, பணத்தோடு நிபுணர் உதவியையும் சேர்த்துக் கொடுத்தது. பணத்தைவிட அந்த நிபுணர் உதவியையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். எச்சரிக்கை மணியடிக்கும் கருவி வாங்கிவிடலாம். நள்ளிரவில் மணி அடித்தால் எழுந்து பார்க்க ஆள் வேண்டுமே! ஒரு சங்கத்துக்கு ஒரு நிபுணர் கட்டுப்படியாகாவிட்டால் பத்துச் சங்கங்கள் கூடி ஒருவரை வைத்துக்கொள்ளலாம். கூட்டுறவாளர்களுக்கு இது புது யோசனையன்று.

இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. கருவியை மான்யத்தில் வாங்கினாலும் அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. மான்யம் முடிந்த மறுவருஷமே அது சங்கத்தின் செலவில் ஏறிவிடும். ஆகவே மனுப்போடும் நாளிலேயே, ஆறாவது ஆண்டுச் செலவுக்கு வழி என்ன என்று நிர்வாகக் கமிட்டியார் தீர்மானம் எழுதிவைப்பது அவசியம். மான்யத்துக்குக் காத்திராமல் செய்யக்கூடியவையும் உள்ளன: பில் கம்ப்யூட்டரையும் சுவிட்சுக் கம்ப்யூட்டரையும் ஒன்றோடொன்று தொடர்பின்றிப் பிரித்துவைத்தல், கணக்கின் நகலை எந்த வலைத்தொடர்பிலும் சேராத தனி இடத்தில் வைத்து, மூன்று மாதத்துக்கொரு முறை அதிலிருந்து கணக்கை மீட்டுப் பார்த்தல், வேலையை விட்டுப் போனவரின் கடவுச்சொல்லை அவர் போன அன்றே ரத்து செய்தல். இவற்றில் கடைசியானதற்கு ஒரு காசும் செலவில்லை.