வாசலில் இறங்கும் கியர் பாக்ஸ்

கோரிமேட்டு ஏற்றத்தையும் ஒன்றிரண்டு மேம்பாலங்களையும் விட்டால் புதுச்சேரி தட்டையான ஊர். ஆனாலும் நகருக்குள்ளேயே ஓடும் ‘குட்டி யானை’ டாடா ஏஸ் வண்டிகளுக்கு இங்கே கிளட்ச் சீக்கிரம் தேய்கிறது. காரணம் தெருக்களின் அமைப்பிலேயே இருக்கிறது. 1693-இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் போட்ட கட்டத் திட்டத்தைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் பின்னர் தொடர்ந்தார்கள் என்று ஆய்வாளர் ழான் தெலோஷ் பழைய வரைபடங்களைக் கொண்டு காட்டியிருக்கிறார். நூல் பிடித்தாற்போல் ஓடும் அந்தத் தெருக்கள் சில நூறு அடிக்கு ஒருமுறை ஒன்றையொன்று வெட்டுகின்றன. பெரிய மார்க்கெட்டில் மூட்டை ஏற்றிக்கொண்டு நேரு வீதியைக் கடக்கும் வண்டி ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று, நகர்ந்து, மறுபடி நிற்கிறது. சனி, ஞாயிறு என்றால் வெளியூர்க் கார்களும் சேர்ந்துகொள்ளும். டிரைவரின் இடது கால் பெடலை விட்டு எடுபடுவதே இல்லை. கிளட்சைத் தின்பது இந்த ‘ஆஃப் கிளட்ச்’ ஓட்டம்தான்.

எஞ்சினோடு சுற்றும் பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் இறுகப் பிடிபட்டிருக்கும்வரை தேய்மானம் இல்லை. பாதி அழுத்திய பெடலில் அது பிடிபட்டும் பிடிபடாமலும் உரசுகிறது; சூடாகிறது; பரப்பு கருகுகிறது. 2005-இல் வந்த டாடா ஏஸ் இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன் கொண்ட சிறிய வண்டி. முக்கால் டன் சுமைக்காகச் செய்தது. அதில் அதற்கு மேலும் அடுக்கிக்கொண்டு ஆஃப் கிளட்சில் நகர்ந்தால் எந்தக் கம்பெனி பிளேட்டும் தாங்காது.

தேய்ந்ததைக் கண்டுபிடிப்பது எளிது. மேல் கியரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் இரைச்சல் ஏறும், வேகம் ஏறாது. எரிந்த வாடை வரும். முன்னால் ஆளில்லாத இடத்தில் ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, மூன்றாவது கியரில் போட்டுக் கிளட்சை விட்டுப் பாருங்கள். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் உடனே அணைந்துவிடும். அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் பிளேட் போய்விட்டது. அதற்கு முன் கேபிளில் ப்ளே சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கேபிள் இழுத்துப் பிடித்திருந்தாலும் கிளட்ச் நழுவும்.

வண்டி நின்ற நாளில் வாடகை கிடையாது. கிளட்ச் வேலைக்கான பில்லில் கியர் பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி பெரிய பங்கு. அதனால்தான் தெரிந்த மெக்கானிக் ஒருவரை வரவழைத்து, வண்டிக்காரரே ஸ்பேனர் பிடித்து, வாசலிலேயே வேலையை முடிப்பது இங்கே வழக்கமாக இருக்கிறது. இதை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் கூலியில் மிச்சப்படுத்தியதைப் பொருளிலும் மிச்சப்படுத்தப் போவதுதான் தவறு. பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் அப்படியே விட்டால், சில மாதத்தில் பேரிங் கத்தத் தொடங்கும். கியர் பாக்ஸ் மறுபடி இறங்க வேண்டும். மூன்றையும் செட்டாகவே வாங்குங்கள். கிளட்ச் செய்யும் லூக் ஓசூரிலும், அமால்கமேஷன்ஸ் வேலியோ சென்னையிலும் இயங்குகின்றன. அசல் பொருள் கிடைக்காத பகுதி அல்ல இது.

வேலையில் முதல் காரியம் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுவது. பிறகு புரொப்பெல்லர் ஷாஃப்ட், கேபிள், ஸ்டார்ட்டர், கியர் லிங்க், கடைசியாக பெல் ஹவுசிங் போல்ட்டுகள். கியர் பாக்ஸ் விலகும்போதும் மறுபடி ஏறும்போதும் அடியில் இன்னொரு ஜாக்கி கட்டாயம் இருக்க வேண்டும். அதன் பாரம் முழுவதும் இன்புட் ஷாஃப்டில் தொங்கினால் புது பிளேட்டின் நடுப்பகுதியே வளைந்துபோகும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை ஒரே பக்கமாகக் கழற்றாமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும், மாட்டும்போதும் அப்படியே.

பிளைவீலின் முகத்தில் நீலம் பூத்த திட்டுகளோ வெடிப்போ தெரிந்தால் லேத்துக்கு அனுப்புங்கள்; வெடிப்பு ஆழமென்றால் மாற்றத்தான் வேண்டும். அங்கே எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்பது அதைவிட முக்கியம். கிராங்க் ஷாஃப்டின் பின் சீல் கசிந்தால் புது பிளேட் எண்ணெயில் நனைந்து மறுபடி நழுவும். குறைந்த விலைச் சீல் அது. அதை மாற்ற இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பிளேட்டை எந்தப் பக்கம் பிளைவீலை நோக்கி வைப்பது என்று அதிலேயே குறித்திருப்பார்கள். டம்மி ஷாஃப்ட் கொண்டு நடுவில் நிறுத்தாமல் இறுக்கினால் கியர் பாக்ஸ் உள்ளே போகாது; அரைநாள் அதிலேயே கழியும்.

பெல் ஹவுசிங்குக்குள் படிந்திருக்கும் கருந்தூசியைப் பலரும் வாயால் ஊதுகிறார்கள், காற்றடிக்கும் குழாயால் அடிக்கிறார்கள். செய்யாதீர்கள். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். இந்தியாவில் அதன் பயன்பாடு முழுதாகத் தடைசெய்யப்படவில்லை. நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் இழை அது; பாதிப்பு தெரியவே பல பத்தாண்டுகள் ஆகும். முகக்கவசம் கட்டிக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டி அப்புறப்படுத்துங்கள். வாசலில் விளையாடும் பிள்ளைகளை அந்த நேரத்தில் உள்ளே அனுப்பிவிடுங்கள்.

என் பெரிய அச்சம் வேறு. செங்கல்லையும் கருங்கல்லையும் முட்டுக்கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்கிறார்கள். செங்கல் பாரத்தில் நொறுங்கும்; ஜாக்கி நழுவும். வாய்க்காலை ஒட்டிய தெருக்களில் தரை சமமாகவும் இருப்பதில்லை. இரும்பு ஸ்டாண்டுகளை வாடகைக்காவது எடுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே உள்ளே போக வேண்டும்.

ஸ்டாண்டும் சமதரையும் இல்லாதவர்களுக்காகப் புதுச்சேரி அரசு ஒன்று செய்யலாம். மேட்டுப்பாளையம் டிரக் டெர்மினலில் ஒரு கான்கிரீட் தளம், ஒரு பள்ளம், தலைக்கு மேல் ஒரு செயின் பிளாக், கொஞ்சம் வெளிச்சம். மணிக்கணக்கில் குறைந்த வாடகைக்கு விட்டால் போதும். அதற்குப் பெரிய நிதி வேண்டாம். ஒரு தீர்மானம் வேண்டும். வண்டிக்காரர் சங்கங்கள் இதைக் கேட்க வேண்டும்.