உத்திரத்துக்கு அடியில் ஒரு கர்டர்

பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் தேக்கு உத்திரம் தொய்ந்துவிட்டால் அடியில் ஓர் இரும்பு கர்டரைக் கொடுத்துவிட்டு, பாரத்தை இனி அது பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுகிறோம். தானாகப் பார்த்துக்கொள்ளாது. எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு பாரம்தான் கர்டருக்கு வந்திருக்கிறது. வளையாமல் நிற்கும் கர்டர் தன் எடையை மட்டுமே சுமக்கிறது.

ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு உத்திரங்கள் ஒட்டி உட்கார்ந்திருந்தால், மேலே பாரம் ஏறும்போது இரண்டும் ஒரே அளவுதான் தொய்ய முடியும். அந்த அளவுக்கு வளைய, விறைப்பான உத்திரத்துக்குக் கூடுதல் பாரம் வேண்டும். அதனால் அதுவே அதிகம் வாங்கிக்கொள்ளும். ஒரே மரம், ஒரே அகலம். ஒன்றின் உயரம் 6 அங்குலம், மற்றது 3 அங்குலம் என்றால், மொத்த பாரத்தை 9 பங்காக்கினால் 8 பங்கு பெரியதுக்கு, 1 பங்குதான் சின்னதுக்கு. உயரம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகிவிடுகிறது.

தேக்கைவிட இரும்பு 15 முதல் 20 மடங்கு விறைப்பானது. 15 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரமுள்ள தேக்கு உத்திரத்தின் அடியில் 150 மி.மீ. ஐ-செக்ஷன் கொடுத்தால், பாதிக்குச் சற்று மேலான பாரம் இரும்புக்குப் போகும். ஆனால் இது புதிதாக ஏறும் பாரத்துக்கு மட்டும். தளத்தின் பழைய எடை முழுவதும் தொய்ந்த மரத்திலேயே இருக்கும். அதையும் கர்டர் வாங்க வேண்டுமானால், முதலில் ஜாக்கி வைத்து உத்திரத்தை மெல்லத் தூக்கி, இடைவெளியில் தகடு செருகி, பிறகு இறக்க வேண்டும். மெல்ல என்பது முக்கியம். அவசரப்பட்டால் மேலே சுண்ணாம்புத் தளம் விரிசல் விட்டுவிடும்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு மரச் சட்டங்களை அடுக்கி நடுவில் அழுத்திவிட்டு நுனியைப் பாருங்கள்: ஒன்றன்மேல் ஒன்று நழுவியிருக்கும். மேல் சட்டத்தின் அடிப்பக்கம் நீள்கிறது, கீழ்ச் சட்டத்தின் மேல்பக்கம் சுருங்குகிறது. நழுவ விட்டால் ஒரே மாதிரியான இரண்டு சட்டங்களுக்கு ஒற்றைச் சட்டத்தின் இரட்டிப்பு விறைப்புதான். நழுவாமல் பிணைத்துவிட்டால் எட்டு மடங்கு! பலம் நான்கு மடங்கு. 19-ஆம் நூற்றாண்டில் பீட்டர்ஸ்பர்க்–மாஸ்கோ ரயில் பாதையின் மரப்பாலங்களில் வேலை செய்த ரஷ்யப் பொறியாளர் ஜுராவ்ஸ்கி இந்த நழுவல் விசையைக் கணக்கிட்டுக் காட்டினார். பாரம் நீளமெங்கும் பரவியிருந்தால் அது நடுவில் குறைவு, சுவரை நெருங்க நெருங்க அதிகம். அதனால்தான் அடுக்கிய உத்திரங்களைப் பிணைக்கும் போல்ட்டுகளைச் சுவர்ப் பக்கம் நெருக்கியும் நடுவில் தள்ளித் தள்ளியும் போட வேண்டும்.