மாத்திரை எல்லோருக்கும் ஒண்ணு... சாப்பாடு?

காசநோய்க்கு ஜாதி, மதம் கிடையாது என்பார்கள். வாஸ்தவம். ஆனால், அதற்கு விலாசம் தெரியும்! ஜன்னல் இல்லாத அறை, ஒரே பாயில் நாலு பேர், அரை வயிறு... இந்த விலாசத்தைத்தான் அது அடிக்கடி தேடிப் போகிறது.

அதே விலாசத்துக்கு விடாமல் போகிற இன்னொருவர் உண்டு. சுகாதார நர்ஸ்! எங்கள் மூலக்குளம் பக்கம் வருபவர் கழுத்தில் சின்னச் சிலுவை, தோளில் பெரிய பை. பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். நர்ஸம்மா என்றே வைத்துக்கொள்வோம்.

பெயின்ட் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டதும் அலுத்துக்கொண்டார்.

"இருமலே நின்னு போச்சே சிஸ்டர், இன்னும் எதுக்கு?"

"ரெண்டு தவணை கட்டிட்டு மிச்சத்தை விட்டுட்டா பேங்க்காரன் சும்மா இருப்பானா தம்பி? வட்டியோட வருவான்ல?"

பி.காம். படித்த எனக்கே இப்படி ஓர் உதாரணம் தோன்றியிருக்காது! சாதாரண காசநோய்க்கு ஆறு மாத சிகிச்சை. பாதியில் விட்டால், மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கே 'பெப்பே' காட்டிவிடும்.

இளைஞரின் அம்மாவுக்கு வேறு சந்தேகம்: "மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்தினா சரியாயிடுமா?"

"ஏத்துங்கம்மா. மாத்திரையும் குடுங்க. ரெண்டையுமே நடுவுல நிறுத்தக் கூடாது!"

வீடு தேடிப் போகும் இந்த வைத்தியத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம்தான். ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே, கிறிஸ்தவ மிஷன்கள் பல கூடி நடத்திய ஆரோக்கியவரம் சானடோரியம் 1915-லிருந்து பிரசித்தம். டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் ஃப்ரிமோட் மோல்லர் அதற்குத் தலைவர். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளுக்குக் கட்டில் போட எங்கே இடம்?

1956-ல் சென்னையில் ஒரு பரீட்சை. ஏழை நோயாளிகள் சுமார் இருநூறு பேரில் பாதிப் பேருக்கு சானடோரியம், மீதிப் பேருக்கு அவரவர் வீடு. இரு தரப்புக்கும் ஒரே மருந்து. வீட்டில் இருந்தவர்களிடம் திடீரென்று போய் நிற்பார்கள்; மாத்திரையை எண்ணுவார்கள், சிறுநீரைச் சோதிப்பார்கள். 1959-ல் ரிசல்ட் வந்தது. குடிசையில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமாகியிருந்தார்கள்! உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட இது முக்கியக் காரணம்.

'அப்போ சாப்பாடு முக்கியமில்லை' என்று பலர் கணக்கை முடித்துவிட்டார்கள். அந்தக் கணக்கைத் திறந்து காட்டியது ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு. நோயாளி வீட்டில் எல்லோருக்குமே அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாக நோய் வருவது 39 முதல் 48 சதவிகிதம் வரை குறைந்தது. ஆக, மாத்திரை நோயை விரட்டும். அடுத்த ஆளுக்கு வராமல் தடுக்க சோறு வேண்டும்.

நோயாளியின் சத்துணவுக்கு மத்திய அரசு தந்த மாதம் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் ஆயிரம் ஆகியிருக்கிறது. நல்ல விஷயம்தான். நாளைக்கு 33 ரூபாய். நாம் ஆபீஸ் வாசலில் ஒரு டீ, இரண்டு வடையில் தீர்த்துவிடுகிற தொகை!

"இந்த வெயில்ல ஏன் சிஸ்டர் இப்படி அலையறீங்க?" என்று கேட்டேன். கேட்காமல் அவர் மதம் பேசியதே இல்லை.

"நோயாளியைப் பார்க்கப் போனா என்னையே பார்க்க வந்த மாதிரின்னு இயேசு சொல்லியிருக்கார். மத்தேயு இருபத்தஞ்சுல இருக்கு. அவரைப் பார்க்கப் போறப்ப வெயில், மழைன்னு சாக்கு சொல்ல முடியுமா?"

பிறகு பையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "மாத்திரை நான் கொண்டாந்துடறேன் தம்பி. கூட ஒரு தட்டு சோறு யார் கொண்டாருவா?"

நாம் கொண்டு போகலாம் ஸார்! 2022-லிருந்து 'நி-க்ஷய் மித்ரா' என்று ஒரு திட்டம் இருக்கிறது. ஒரு நோயாளிக்கு ஆறு மாத சத்துணவை தனி ஆளோ, ஆபீஸ் நண்பர்கள் கூடியோ ஏற்றுக்கொள்ளலாம். அப்படியே, பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் மிட்டாயை நீட்டாதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம்!