ஹாலிவுட்டில் ஒரு பூகம்பம்

பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பதால் பெற்றோர் ஆறு மாதம் அங்கே போய்த் தங்கி வருவது நம் சங்கக் குடும்பங்களில் இப்போது சாதாரணமாகிவிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போகிறவர்கள் யுனிவர்சல் ஸ்டூடியோவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "பிரமாதம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே என்ன நடக்கிறது, எப்படி நடக்கிறது, வயதானவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சற்று விவரமாக எழுதலாம் என்று தோன்றியது.

2019-ஆம் ஆண்டு மே மாதம் நானும் என் மனைவியும் மகன் குடும்பத்துடன் அங்கே சென்றிருந்தோம். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் ஆகையால், வேடிக்கையைவிட அதன் பின்னால் இருக்கும் இயந்திரங்களின் மேல்தான் என் கண் போயிற்று.

வாசலைத் திறந்தவர்

சிறு வயதில் சென்னைக்குப் போனால் வடபழனியில் ஏவி.எம். வாசலில் நின்று அந்த உருண்டையைப் பார்ப்போம். யாராவது நடிகரின் கார் வராதா என்று காத்திருந்துவிட்டுத் திரும்புவோம். உள்ளே விடமாட்டார்கள். அந்த ஆசையையே ஒரு தொழிலாக மாற்றியவர் யுனிவர்சலை நிறுவிய கார்ல் லெம்லி. 1915-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் தேதி யுனிவர்சல் சிட்டியைத் திறந்தபோதே பொதுமக்களையும் அழைத்தார். கட்டணம் 25 சென்ட். மதிய உணவுப் பொட்டலமும் அதில் அடக்கம். ஊமைப்படக் காலம் ஆதலால் பார்வையாளர்கள் கைதட்டினாலும் கூச்சலிட்டாலும் படத்துக்குக் கேடில்லை. பேசும் படம் வந்தபின் அந்தச் சத்தம் தொல்லையாகிவிட்டது. ஜனங்களை உள்ளே விடுவதையும் நிறுத்திவிட்டார்கள். (நம் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' வெளிவந்தது 1931-இல் என்பதை நினைவில் கொண்டால் காலம் விளங்கும்.) மறுபடியும் 1964 ஜூலையில் டிராம் விட்டு ஸ்டூடியோவைச் சுற்றிக் காட்டத் தொடங்கினார்கள். அதுதான் இன்றுவரை நடக்கிறது.

டிராம் பயணம்

டிராம் என்றவுடன் தண்டவாளத்தைத் தேடினேன். இல்லை. ரப்பர் சக்கரம் பூட்டிய, பக்கங்கள் திறந்த பெட்டிகளை ஒன்றோடொன்று கோத்துச் சாலையில் இழுத்துச் செல்கிறார்கள். சுமார் ஒரு மணி நேரப் பயணம். வழிகாட்டி ஒருவர் பேசிக்கொண்டே வருகிறார்.

முதலில் வருபவை தெருக்கள். முன்புறம் பார்த்தால் மாடி வீடுகள், கடைகள், நீதிமன்றம். டிராம் திரும்பும்போது பின்புறம் பார்த்தால் வெறும் சாரக்கட்டும் பலகையும்தான். பிறகு 1960-இல் வந்த 'சைக்கோ' படத்தின் வீடு. அதன் பின் 2005-இல் வந்த 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' படத்துக்காக நிஜமான போயிங் 747 விமானத்தை வாங்கி உடைத்துப் போட்ட இடம்.

'ஜாஸ்' சுறாமீன் தண்ணீரிலிருந்து எழும்போது பிள்ளைகள் வீறிடுகிறார்கள். இந்தச் சுறாவுக்கு ஒரு கதை உண்டு. 1975-இல் வந்த அந்தப் படத்துக்குச் செய்த இயந்திரச் சுறாக்கள் கடலின் உப்புநீரில் அடிக்கடி பழுதாகிவிட்டன. வேறு வழியின்றி இயக்குநர் ஸ்பீல்பெர்க் சுறாவை அதிகம் காட்டாமலே படம் எடுத்தார். அதுவே படத்துக்குப் பயத்தைக் கூட்டிவிட்டது. இயந்திரம் மக்கர் செய்ததால் நன்மை விளைந்த கதையை நான் வேறெங்கும் கேட்டதில்லை!

பூகம்பம் நடக்கும் விதம்

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 1989-இல் அமைத்த பூகம்பக் காட்சியைப் பற்றி. டிராம் ஒரு கொட்டகைக்குள் நுழைகிறது. உள்ளே சான் ஃபிரான்சிஸ்கோவின் சுரங்க ரயில் நிலையம் போல் அமைத்திருக்கிறார்கள். பிளாட்பாரம், படிக்கட்டு, விளக்குகள் எல்லாம் அச்சு அசல். திடீரென்று டிராம் குலுங்குகிறது. மேலே சாலை பிளந்து ஒரு டேங்கர் லாரி சரிந்து இறங்குகிறது. தீ எழுகிறது. எதிரே ஒரு ரயில் வந்து மோதி நிற்கிறது. அடுத்து படிக்கட்டு வழியாக வெள்ளம் பாய்ந்து வருகிறது.

இதற்குப் பயன்படும் தண்ணீர் சுமார் 65,000 காலன், அதாவது ஏறக்குறைய இரண்டரை லட்சம் லிட்டர். 2016 ஏப்ரலில் மிரஜிலிருந்து லாத்தூருக்குப் போன முதல் தண்ணீர் ரயில் 10 வாகன்களில் கொண்டுபோனது சுமார் ஐந்து லட்சம் லிட்டர். அதில் பாதி அளவு நம் கண்முன் கொட்டுகிறது. ஆனால் ஒரு சொட்டும் வீணாவதில்லை. தரைக்குக் கீழே வடிந்து, பம்பு மூலம் மறுபடி மேலே ஏறுகிறது. டிராம் வெளியேறியதும் லாரி மேலே போகிறது, பிளந்த கூரை மூடிக்கொள்கிறது, ரயில் பின்வாங்குகிறது. அடுத்த டிராம் வருவதற்குள் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். சினிமாவில் இந்தக் காட்சியை ஒரு தடவை எடுத்தால் போதும்; இங்கே நாள் முழுவதும் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். கஷ்டமான வேலை அதுதான்.

இதில் விழுகிற ஒவ்வொன்றுக்கும் அது எங்கே நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்திருக்கிறார்கள். ரயில்வே சிக்னலிலும் இதே தத்துவம்தான். பழைய கைகாட்டி மரத்தில் கம்பி அறுந்தால் எதிர் எடை அதைத் தானாகவே 'நில்' என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிடும். தண்டவாளத்தில் மின்சாரம் செலுத்தி ரயில் இருப்பதை அறியும் டிராக் சர்க்யூட்டிலும் அப்படியே. மழைநீர் தண்டவாளத்தை மூடினால் மின்சாரம் நீர் வழியே கசிந்துவிடும். ரயில் நிற்பதாகக் கொண்டு சிக்னல் சிவப்பாகிவிடும். மழைக்காலத்தில் குர்லா, சயான் பக்கம் லோக்கல் நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம். பழுதானாலும் ஆபத்தில்லாத பக்கமே பழுதாக வேண்டும் என்பது எங்கள் பாலபாடம்.

மனைவி கேட்ட கேள்வி

இதையெல்லாம் நான் ரசித்துக்கொண்டிருக்கையில் பக்கத்தில் என் மனைவி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் படியிறங்கி வந்ததும் "என்னங்க, நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். கண்ணில் நீர். ஆறு வயதுப் பேத்தி, "பாட்டி ஏன் அழறாங்க தாத்தா?" என்று கேட்டாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததே, அன்று நான் பணியில் மாட்டிக்கொண்டேன். வீடு திரும்ப இரண்டு நாளாயிற்று. மகன் கல்லூரி விடுதியில். கல்யாணில் வால்துனி ஆற்றுப் பக்கம் தரைத்தள வீட்டில் அவள் தனியாக இருந்தாள். கரண்ட் இல்லை, போன் இல்லை. வாசற்படி தாண்டித் தண்ணீர் கட்டில் உயரம் வந்தது.

வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் எப்படி வடிகிறது, பம்பு எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். "இங்கே எங்கே வடியும்னு கட்டினவனுக்குத் தெரியும். அன்னிக்கு நம்ம வீட்டுல யாருக்குத் தெரிஞ்சுது?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

நாங்கள் ஊர் திரும்பிய பின், அதே 2019-இல் ஜூலை 27-ஆம் தேதி, கோலாப்பூர் போகும் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் இடையே வெள்ளத்தில் நின்றுவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைப் படகில் மீட்டார்கள். டி.வி.யில் அதைப் பார்த்தபோது அவளுடைய கேள்விதான் மறுபடி நினைவுக்கு வந்தது.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

நுழைவுச் சீட்டிலேயே டிராம் பயணம் அடங்கும். காலையில் முதல் வேலையாக அதில் ஏறிவிடுங்கள். பிறகு வரிசை நீளும். கழுத்து, முதுகு வலி உள்ளவர்கள் குலுக்கல் உண்டு என்பதை மனதில் கொள்ளவும். தொப்பியும் மாத்திரைகளும் கையில் இருக்கட்டும். நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கிறது. சுரங்க ரயிலில் யுனிவர்சல் சிட்டி நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து மேலே போக வண்டி உண்டு.

அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள் ஹைதராபாத்தில் 1996-இல் தொடங்கிய ராமோஜி பிலிம் சிட்டிக்குப் போகலாம். உலகின் மிகப் பெரிய திரைப்பட நகரம் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றது. அங்கேயும் பஸ்ஸில் வைத்துச் சுற்றிக் காட்டுகிறார்கள். கல்யாணில் இரவு ஹுசேன்சாகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் ஹைதராபாத்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பெற்றோரை அழைத்துச் செல்லும்போது உள்ளே என்ன வரப்போகிறது என்பதை முன்னதாகவே சொல்லிவிடுங்கள். ஜூலை 26-ஐ வீட்டுக்குள் நின்று பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம்.