பால்கோவாவில் எத்தனை அணு?

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில் சீனிவாசப் பெருமாளைச் சேவித்துவிட்டு, பால்கோவா வாங்காமல் யார் திரும்புகிறார்கள்? அந்தப் பொட்டலத்திலேயே வேதியியல் வீட்டுப்பாடம் இருக்கிறது.

சீனியின் வாய்பாடு: கார்பன் 12, ஹைட்ரஜன் 22, ஆக்சிஜன் 11. கூட்டினால் ஒரு மூலக்கூறில் 45 அணுக்கள். பாலில் உள்ள லாக்டோசுக்கும் இதே வாய்பாடுதான்! எண்ணிக்கை ஒன்று, அணுக்களைக் கோத்த விதம் வேறு. அதனால்தான் லாக்டோஸ் சீனி அளவுக்கு இனிப்பதில்லை.

பிள்ளைகள் தடுமாறுவது அடைப்புக்குறியில். பாலில் கால்சியமும் பாஸ்பேட்டும் உண்டு. கால்சியம் பாஸ்பேட்டை எழுதிப் பாருங்கள்: முதலில் கால்சியம் 3. பிறகு அடைப்புக்குள் ஒரு பாஸ்பரஸ், நான்கு ஆக்சிஜன். வெளியே, கீழே சின்னதாக 2. ஏன் அடைப்பு? பாஸ்பேட் ஒரே கொத்தாகச் சேர்வதால். அந்த 2 கொத்து முழுவதையும் பெருக்கும்: பாஸ்பரஸ் 2, ஆக்சிஜன் 8. முன்னால் நிற்கும் கால்சியத்தை அது தொடாது. மொத்தம் 13.