புளிப்பும் மூச்சுக்குழாயும்



"ஐயா, எனக்கு ஆஸ்துமா இல்லை, வயிற்றுப் புளிப்புதான் மேலே ஏறுகிறது" என்று சொல்லி இன்ஹேலரை ஒதுக்கிவிடும் வியாதியஸ்தர்களை வார்டில் அடிக்கடி சந்திக்கிறேன். அவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

மூச்சுக்குழாயைச் சுற்றி வரியற்ற தசை நார்கள் வளையம் வளையமாக அமைந்திருக்கின்றன. அவை நம் சித்தத்துக்குக் கட்டுப்படுவதில்லை. அவை சுருங்கினால் குழாய் இடுங்கி, மூச்சு விசிலடிக்கும். அவற்றைச் சுருங்கவைப்பது கால்சியம், எலும்பில் இருக்கிற அதே கால்சியம்தான். தசைச் செல்லின் உட்பகுதிக்கு அது வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, செல்லின் வெளிச்சவ்வில் உள்ள வாசல். மற்றது, செல்லுக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கும் களஞ்சியம். மூச்சுக்குழாய்த் தசை பெரும்பாலும் இந்தக் களஞ்சியத்தையே நம்பியிருக்கிறது.

இரத்தத்தின் பி.எச். அளவு ஏறக்குறைய 7.4. இந்த எண் 1 குறைந்தால் அமிலம் 10 மடங்கு கூடியது என்று அர்த்தம். செல்லைச் சுற்றிலும் அமிலம் கூடும்போது, ஹைட்ரஜன் அயனிகள் வெளிவாசலில் ஒட்டிக்கொண்டு கால்சியம் நுழைவதைக் குறைக்கின்றன. அப்படியானால் தசை தளர வேண்டுமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதே செல்லின் மேல் ஓ.ஜி.ஆர்.1 என்ற ஏற்பி ஒன்று காவலாள்போல இருக்கிறது. அது அமிலத்தை உணரும் என்று 2003-ல் கண்டறிந்தார்கள். பி.எச். 7.8-ல் அது உறங்குகிறது, 6.8-ல் முழுவதும் விழித்துக்கொள்கிறது. விழித்ததும் களஞ்சியம் திறக்கிறது, கால்சியம் பாய்கிறது, தசை சுருங்குகிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனிதத் தசைச் செல்களிலேயே இதைக் கண்டிருக்கிறார்கள்.

1980-களில் நிஃபெடிபின், வெராபமில் போன்ற மருந்துகளை ஆஸ்துமாவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய பலன் இல்லை. அவை அடைப்பது வெளிவாசலை மட்டுமே.

இந்த அமிலம் எல்லாம் வயிற்றிலிருந்து வருவதுமில்லை. 2000-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், வெளிவிடும் மூச்சைக் குளிரவைத்து நீராக்கி அளந்தார்கள். சுகமுள்ளவர்களுக்கு 7.65; கடும் ஆஸ்துமாவில் வந்தவர்களுக்கு 5.23. அமிலம் 200 மடங்குக்கும் அதிகம்! ஸ்டீராய்டு சிகிச்சைக்குப்பின் அளவு சரியானது. வாயிலுள்ள அம்மோனியா இந்தக் கணக்கைக் கலைக்கும் என்ற ஆட்சேபணை பின்னர் எழுந்தது. ஆகவே எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். என்றாலும், மூச்சுக்குழாயின் அழற்சியே அமிலத்தை உண்டாக்கக்கூடும் என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது.

2009-ல் வெளியான மற்றொரு அமெரிக்க ஆய்வில், நெஞ்செரிச்சல் இல்லாத அல்லது மிகக் குறைவாக உள்ள ஆஸ்துமா வியாதியஸ்தர்களுக்கு எசோமெப்ரசோல் 40 மில்லிகிராம் தினம் இருவேளை, 24 வாரம் கொடுத்தார்கள். ஆஸ்துமா குறையவில்லை. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் அதற்குரிய மாத்திரையைச் சாப்பிடட்டும். ஆனால் சுருங்கிய தசையைத் தளர்த்துவது சால்புடமால். அழற்சியைத் தணிப்பது உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. வீட்டுக்குப் போகிறவர்களிடம் எங்கள் நர்சுகள் இரண்டையும் காட்டி, எது தினசரிக்கு, எது அவசரத்துக்கு என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துத்தான் அனுப்புகிறார்கள்.